நாளுக்கு முன் திறந்த பூ

ஜனவரி 5, ஞாயிறு

ஈப்போ வந்து சேர்ந்தேன். என் மகள் வாசுகியின் கணவன் சியூ மெங் தொலைபேசியில் அழைத்தபோது, என் வேலைகளைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். எனக்கு எந்த வேலையும் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். கல்லூரியிலிருந்து விலகி ஒன்றரை வருடம் ஆகிறது. விலக்கப்பட்டு என்று எழுதுவதுதான் சரி. துறைத் தலைவர் பதவியை என்னைவிட இளையவன் ஒருவனுக்குக் கொடுத்தார்கள். அவன் எழுதிய ஒரே கட்டுரையில் மூன்று வாக்கியங்கள் என்னுடையவை. எந்தப் பக்கம், எந்தப் பத்தி என்று இன்றும் சொல்வேன். அதைப் பற்றி இப்போது எழுதப்போவதில்லை.

வந்த காரணத்தை மட்டும் எழுதுகிறேன். வாசுகிக்கு ஏழாவது மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கருப்பை வாயை அடைத்துக்கொண்டிருக்கிறது. டிசம்பரில் ஒரு முறை இரத்தம் போயிருக்கிறது. எழுந்து நடமாடக் கூடாது, மனம் அலட்டிக்கொள்ளக் கூடாது, பிப்ரவரி நடுவரை குழந்தை உள்ளேயே இருந்தாக வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதுவரை அவளுடைய மாமியார் மேடம் லியோங் பார்த்துக்கொண்டார். போன வாரம் அந்த அம்மாள் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். சியூ மெங்குக்குச் சிங்கப்பூரில் வேலை, வார இறுதியில்தான் வருகிறான். வாசுகியின் அம்மா உயிரோடு இல்லை. ஆகவே நான்.

சியூ மெங் என் மாணவன். பொறியியல் படித்தவன், கட்டாயப் பாடம் என்பதால் என் வரலாற்று வகுப்பில் உட்கார்ந்தவன். சந்தேகம் கேட்க வீட்டுக்கு வந்து என் மனைவி சுட்ட தோசையைத் தின்றவன். சந்தேகம் என் பாடத்தில் இல்லை என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்றும் என்னை 'சார்' என்றே கூப்பிடுகிறான். வேறு மாதிரி கூப்பிட நான் இடம் கொடுத்ததில்லை.

வாசுகியை அவள் கல்யாணத்துக்கு முன் பார்த்தது. கீழ் அறையில் கட்டிலில் படுத்திருந்தாள், முகம் வீங்கியிருந்தது. "வந்துட்டீங்களா," என்றாள். "பஸ் கிடைச்சது," என்றேன். பின்பக்க அறையில் பெட்டியை வைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

மேடம் லியோங் என்னைத் தமிழில் விரட்டுகிறார். அவருடைய அப்பா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் மளிகைக்கடை வைத்திருந்தாராம். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிக் கற்ற தமிழ். அதில் மரியாதைப் பன்மை கிடையாது. எல்லோரும் 'நீ'தான். நான் 'வாத்தியாரே, நீ'.

சமையல், துணி, தரை துடைப்பது எல்லாம் எதிர்பார்த்தது. எதிர்பாராதது ஒரு பீங்கான் தாம்பாளம். கூழாங்கற்களுக்கு நடுவே வெங்காயம் போன்ற மூன்று கிழங்குகள். சீனர்கள் சுய்சின் என்கிறார்கள், ஆங்கிலத்தில் நார்சிசஸ். விழுந்து கையை உடைத்துக்கொள்வதற்கு முன் அவரே சிறு கத்தியால் கிழங்குகளைச் செதுக்கியிருக்கிறார். இலையின் ஒரு விளிம்பைச் சீவிவிட்டால் அது அந்தப் பக்கமாகச் சுருண்டு வளரும். தாம்பாளத்தில் மூன்று நண்டுகள் கொடுக்குத் தூக்கி நிற்பது போல் இருக்கிறது. தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும், கிழங்கின் வழவழப்பைக் கழுவ வேண்டும், காலை வெயிலில் வைத்து எடுக்க வேண்டும். ஒரு கையால் முடியாது.

"புத்தாண்டு காலைல தொறக்கணும்," என்றார், இருபத்தொன்பதாம் தேதி வரும் சீனப் புத்தாண்டைச் சொல்கிறார். "முன்னாடி தொறந்துச்சு, அதிர்ஷ்டம் பழைய வருசத்தோட போயிடும். தொறக்கவே இல்லன்னா..." வாக்கியத்தை முடிக்கவில்லை. இப்படிப்பட்ட வாக்கியங்களை இவர்கள் முடிப்பதில்லை.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அந்தப் பெயருக்கு நீரில் வாழும் அமரர் என்று பொருள். மண்ணும் எருவும் கேட்காமல் கல்லிலும் தண்ணீரிலும் பூப்பதால் அழுக்குப் படாத மனிதருக்கு அடையாளமாக அந்தக் காலத்துச் சீன அறிஞர்கள் இதைத் தங்கள் மேசையில் வைத்துக்கொண்டார்கள். கடுங்குளிரில் மற்றச் செடிகள் உறங்கும்போது பூப்பதால் புது வருடத்தைக் கூட்டிவரும் பூ. குளிர்தேசத்துக் கணக்கை ஈப்போ வெயிலில் நடத்துவது பிடிவாதமே தவிர வேறில்லை என்றும் சொன்னேன்.

முழுக்கக் கேட்டார். "தெரியுதுல்ல? அப்ப தண்ணி மாத்து."

பிறகு வாசுகியின் அறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இந்த வருசம் எனக்காக வெட்டல வாத்தியாரே. கொழந்தைக்காக வெட்டினேன். பூ நாள் தப்பாம தொறந்தா அதுவும் நாள் தப்பாம வரும்."

முதுகலைப் பட்டம் பெற்றவன் ஒரு வெங்காயத்துக்கு ஊழியம் செய்கிறேன்.

ஜனவரி 9, வியாழன்

தண்ணீர் மாற்றினேன். கோழி சூப்பில் இஞ்சி அதிகம் என்று புகார்.

ஜனவரி 12, ஞாயிறு

சியூ மெங் வந்து போனான். என்னைப் பற்றித் தன் அம்மாவிடம் பெருமையாக ஏதோ சொல்லியிருக்கிறான். நான் என்ன புத்தகம் எழுதினேன் என்று கேட்டார் மேடம் லியோங். புத்தகம் இல்லை, ஆய்வேடு என்றேன். கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கக் குடியிருப்புகளில் சீனர்களின் இறுதிச் சடங்குகள்.

"சாவப் பத்தியா படிச்ச?" என்றார். "எங்க சாவா?" புத்தாண்டு முடியும்வரை இந்த வீட்டில் அந்தப் பேச்சே கூடாது என்று உத்தரவு போட்டார். வாசுகி உள்ளேயிருந்து சிரித்தாள். இங்கே வந்தபின் அவள் சிரித்து இன்றுதான் கேட்டேன். வெயில் கடுமை. மொட்டுகள் இலைக்கு மேலே வரத் தொடங்கிவிட்டன. இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாதாம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். மண்பானைக்கு எங்கே போவது? சூப் வைக்கும் களிமண் சட்டி ஒன்று இருந்தது. வாசுகியின் அறைக் கதவைத் திறந்துவைத்தேன், அவள் படுத்தபடியே அடுப்பைப் பார்க்கலாம். பால் நுரைத்து விளிம்புக்கு ஏறி, இதோ வழியப்போகிறது என்ற கணத்தில் மேடம் லியோங் பின்னாலிருந்து ஓடிவந்து இடது கையால் அடுப்பை அணைத்துவிட்டார். பால் அடங்கிப்போயிற்று.

"வழியப் பாத்துச்சு," என்றார்.

வழியத்தான் வேண்டும் என்றேன். கொஞ்சம் உரக்கச் சொல்லியிருப்பேன். அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு, தோட்டத்தில் பார்த்தது எல்லாம் அடுப்பைக் கண்டதும் மறந்துபோயிற்று என்றார். மறுபடி பற்றவைத்தோம். வழிந்தது. ஆனால் இரண்டாம் தடவை வழிவது வழிவதாகுமா?

தமிழர்களோடு தோட்டத்தில் வளர்ந்தவருக்குப் பொங்கல் தெரியாதா? வேண்டுமென்றே செய்தார் என்றுதான் நினைக்கிறேன்.

ஜனவரி 16, வியாழன்

நேற்றுக் காலை வாசுகியின் படுக்கையில் இரத்தம். அதிகமில்லை. மருத்துவமனையில் ஒரு நாள் வைத்திருந்து இன்று அனுப்பினார்கள். குழந்தையின் இதயத்துடிப்பு சரியாக இருக்கிறதாம். மறுபடி வந்தால் உடனே வர வேண்டும், இன்னும் அதிகமாக வந்தால் வயிற்றைக் கிழித்து எடுப்பதைத் தவிர வழியில்லை, இப்போது எடுத்தால் நுரையீரல் வளர்ச்சி போதாது என்றார் மருத்துவர். நான் கேட்ட கேள்விகளை அவர் ரசிக்கவில்லை.

வெளியே பெஞ்சில் காத்திருந்தபோது மேடம் லியோங் திடீரென்று சொன்னார்: "கல்யாண விருந்துல பொண்ணு வீட்டுக்குன்னு ஒரு மேசை போட்டேன். பத்து நாற்காலி. முன் வரிசைல." நான் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மீன் வந்துச்சு, கோழி வந்துச்சு. யாரும் வரல. வாசுகி அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. கழுத்து வலிக்கும் அப்பிடி ஒரே பக்கம் பாத்துட்டு உக்காந்தா."

நான் அந்த விருந்துக்குப் போகாததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றைப் பெஞ்சில் உட்கார்ந்து விளக்க முடியாது.

ஜனவரி 18, சனி

மொட்டின் உறை பருத்துவிட்டது. கடைக்காரரிடம் ஐஸ் வாங்கிவந்து தாம்பாளத்தில் போடுகிறேன். அந்தக் கிழங்கின் மேல் எனக்கு ஒரு நம்பிக்கையும் இல்லை. ஆனால் ஒப்புக்கொண்ட வேலையைச் சரியாகச் செய்வது என் வழக்கம்.

வாசுகி, "நம்பிக்கை இல்லாதவங்க காலைலேருந்து நாலு தடவை போய்ப் பாத்துட்டீங்கப்பா, போதும்லா," என்றாள். அவள் எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறாள். வேறு என்ன செய்வாள்?

ஜனவரி 19, ஞாயிறு

ஐஸ் போதவில்லை. இந்த வீட்டில் ஏர்கான் நன்றாக வேலை செய்வது என் அறையில்தான். தாம்பாளத்தை என் மேசைமேல் கொண்டுவந்து வைத்து, எவ்வளவு குளிராக வைக்க முடியுமோ அவ்வளவு குளிராக வைத்தேன். சியூ மெங் போகும் முன் தன் பழைய கம்பளிச் சட்டையை மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தான். போட்டுக்கொண்டேன்.

ஜனவரி 20, திங்கள்

இருமல். மொட்டு நகரவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மேடம் லியோங் வந்து மொட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பூ நல்லாருக்கு. ஒனக்குத்தான் மூக்கு ஒழுகுது," என்று சொல்லிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் ஏதோ வேரைக் காய்ச்சிய கறுப்புத் தண்ணீர் வந்தது. கசப்பு. குடித்தேன்.

வாசுகிக்கு இரத்தமில்லை. வீடு முழுக்கச் சிவப்புக் காகிதம் ஒட்டியாகிறது. என் வெள்ளைத் துண்டுகளைக் கூட எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

ஜனவரி 23, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் வாசனைதான் என்னை எழுப்பியது. விளக்கைப் போட்டேன். நடுக் கிழங்கில் ஒரு தண்டின் உறை கிழிந்து இரண்டு பூக்கள் முழுதாகத் திறந்திருந்தன. வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சள் கிண்ணம். புத்தாண்டுக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது.

அந்த அம்மாள் பார்த்தால் என்ன ஆகும், அவர் முகத்தை வாசுகி பார்த்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். நகவெட்டியால் தண்டை அடியோடு வெட்டினேன். மற்ற மொட்டுகள் மூடித்தான் இருக்கின்றன, யாருக்கும் தெரியாது. குப்பையில் போட்டிருக்க வேண்டும். மல்லிகை மாதிரி மணத்தது, போடக் கை வரவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வாசுகிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். "என்னப்பா வாசனை?" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். மூக்கருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். "அம்மா இருந்திருந்தா இந்நேரம் வளைகாப்பு போட்டு, தலை நிறைய பூ வச்சிருப்பாங்க," என்றாள். குறையாகச் சொல்லவில்லை. சும்மா சொன்னாள்.

அவள் தலை நாள்கணக்கில் தலையணையில் கிடந்து சிக்கேறியிருந்தது. சீப்பை எடுத்தேன். முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்தேன், வலித்தால் சொல் என்றேன். அவள் சொல்லவில்லை. பின்னிவிட்டேன். பின்னலின் தொடக்கத்தில் அந்தப் பூவைச் செருகினேன். அவ்வளவுதான் நடந்தது.

மேடம் லியோங் தலையணை உறையோடு உள்ளே வந்தார். கட்டிலருகே நின்றுவிட்டார். உறை கையிலிருந்து நழுவியது, அவர் குனியவில்லை.

"யாருக்கு?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"யாருக்குத் துக்கம் வாத்தியாரே? எனக்கா? வயித்துல இருக்கறதுக்கா?"

என் கைக்கு முன் வாசுகியின் கை தலைக்குப் போயிற்று. பூவைப் பிடுங்கிப் போர்வைக்குள் மறைத்தாள். இந்த வீட்டில் வாழ்கிறவள் அல்லவா, அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "அப்பாவுக்குத் தெரியாது அத்தை," என்றாள்.

"தெரியாதா? சாவப் பத்திப் புஸ்தகம் எழுதினவனுக்கா தெரியாது?" என்னை நேராகப் பார்த்தார். "நீ சொல்லு. வெள்ளைப் பூவ எப்ப தலைல வப்பாங்கன்னு ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

என் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயம் அதுதான். பெற்றோர் இறந்தால் மகளும் மருமகளும் வெள்ளை நூலால் செய்த பூவைத் தலையில் செருகிக்கொள்வார்கள். எந்த உறவுக்கு எந்த நிறம் என்று அட்டவணையே போட்டிருக்கிறேன்.

"தெரியும்," என்றேன்.

கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

"தெரிஞ்சே வச்ச," என்றார் அவர். பிறகு சீன மொழியில் ஏதோ சொன்னார், என்னிடம் இல்லை. வெளியே போய்விட்டார். வாசுகி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஜனவரி 24, வெள்ளி

சியூ மெங் விடுப்பு எடுத்து முன்பே வந்துவிட்டான். என்னைப் பேருந்து நிலையத்தில் விட்டுவரும்படி அவன் அம்மா சொல்லியிருக்கிறார். பெட்டியை மூடிக்கொண்டிருந்தேன். வாசுகி கூப்பிட்டாள். சத்தமாகக் கூட இல்லை. போர்வை இரத்தத்தில் நனைந்திருந்தது.

சியூ மெங் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்கவைத்தான். மேடம் லியோங் முன் இருக்கையில் ஏறினார். எனக்கு இடமில்லை. வாடகைக் கார் பிடித்துப் பின்னால் போனேன். பிரசவப் பிரிவுக்குள் போக ஒரு நோயாளிக்கு இரண்டு ஒட்டுச்சீட்டுதான் தருகிறார்கள். ஒன்று சியூ மெங்கின் சட்டையில், இன்னொன்று அவன் அம்மாவின் சட்டையில்.

மாலை வரை கீழே உணவகத்தில் இருந்தேன். இரத்தம் நின்றிருக்கிறது, குழந்தையின் நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள் என்று சியூ மெங் இறங்கிவந்து சொன்னான்.

ஜனவரி 25, சனி

என் ஊர் தைப்பிங்குக்குத் திரும்பிப் போகவில்லை. தாம்பாளத்துக்குத் தண்ணீர் மாற்ற வீட்டில் வேறு யாருமில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

உணவகத்தில் எனக்கென்று ஒரு மேசை ஆகிவிட்டது. தேநீர் கலக்கும் மாமா கேட்காமலே சீனி குறைத்துத் தருகிறார். லிப்டு திறக்கும்போதெல்லாம் பார்க்கிறேன். மேடம் லியோங் ஒரு முறை கஞ்சி வாங்க வந்தார், என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். போனார்.

எனக்கு நியாயமில்லாத தண்டனை. நான் கெடுதல் நினைத்துச் செய்யவில்லை என்பதை இவர்களாகவே புரிந்துகொண்டிருக்க வேண்டும். விளக்கம் கொடுக்கும் அவசியம் எனக்கில்லை.

ஜனவரி 27, திங்கள்

இப்போது வேறு சிக்கல். மொட்டுகள் அசையவில்லை. குளிரில் வைத்தது அதிகமாகிவிட்டதோ? ஏர்கானை நிறுத்தினேன். வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினேன். மேசை விளக்கைக் கிட்டத்தில் வைத்து எரியவிட்டேன். திறக்காதே என்று கெஞ்சியவன் திற என்று கெஞ்சுகிறேன். உறைகளை விரலால் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கனமாக இருக்கிறது.

சியூ மெங் மதியம் என் மேசைக்கு வந்து உட்கார்ந்தான். முகச்சவரம் செய்திருக்கவில்லை. அம்மாவுக்கு இருப்பது ஒரே கேள்விதான், அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை என்றான். தெரியும் என்று சொல்லிவிட்டேனே என்றேன்.

"அது இல்லை சார். தெரிந்தும் அந்த நேரத்தில் மறந்துவிட்டது என்று சொல்லுங்கள். அதுதானே உண்மை?"

நான் எதையும் மறப்பவன் இல்லை என்றேன். அது உண்மை. அந்த மூன்று வாக்கியங்களை மறக்கவில்லை. அப்பாவின் வீட்டை என் அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்ட தேதியை மறக்கவில்லை. வாசுகி கல்யாணப் பதிவு அலுவலகத்திலிருந்து அழைத்தபோது பின்னணியில் யார் இருமினார்கள் என்பதைக் கூட மறக்கவில்லை. இருபத்தாறு வருடம் குறிப்பில்லாமல் பாடம் நடத்தியவன் நான். எனக்கு மறந்துவிட்டது என்று அந்த அம்மாளிடம் போய்ச் சொல்ல வேண்டுமா?

"அவள் உங்களைக் கேட்கிறாள் சார்," என்றான். "அப்பா வெளியே இருக்காரா, போயிட்டாரா என்று கேட்கிறாள்."

என்ன சொன்னாய் என்றேன்.

"தேநீர் குடிக்கிறார் என்றேன்."

ஜனவரி 28, செவ்வாய்

பழைய வருடத்தின் கடைசி நாள். எல்லா வீட்டிலும் குடும்ப விருந்து. உணவகத்தைச் சீக்கிரம் மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன், சாப்பிட முடியவில்லை. மொட்டுகள் மூடியே இருக்கின்றன.

சாமி படம் இந்த வீட்டில் இல்லை. இருந்தாலும் எதைக் கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 29, புதன்

விடிகிற நேரத்தில் சியூ மெங் அழைத்தான். இரத்தம் நிற்காமல் போயிருக்கிறது. அறுத்து எடுத்துவிட்டார்கள். பெண். இரண்டு கிலோ கூட இல்லை. மூச்சுக் குழாய் வைத்திருக்கிறார்கள். வாசுகிக்கு இரத்தம் ஏற்றுகிறார்கள், கண் விழித்துவிட்டாள். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அவன் அழுதான். நான் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

பிறகுதான் மேசையைப் பார்த்தேன். இடது ஓரத்துக் கிழங்கில் ஓர் உறை கிழிந்திருந்தது. ஒரு பூ. அதுவும் முழுதாக இல்லை. மூன்று இதழ்கள் விரிந்து, மற்ற மூன்றும் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு, பாதியில் நின்றிருந்தது. விரலால் பிரித்துவிடலாமா என்று தோன்றியது. பிரிக்கவில்லை.

தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு வாடகைக் காரில் போனேன். கற்கள் சரிந்துகொண்டே இருந்தன. மருத்துவமனை வாசலில் காவலர், பூவை மேலே கொண்டுபோகக் கூடாது என்றார். லிப்டுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சியூ மெங்குக்குச் செய்தி அனுப்பினேன்.

மேடம் லியோங்தான் இறங்கிவந்தார். சிவப்புச் சட்டை, கைக்கட்டு அழுக்காகியிருந்தது. தூங்கியிருக்கவில்லை. தாம்பாளத்தின் மேல் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பாதி," என்றார்.

"பாதிதான்," என்றேன். "நான் ரொம்பக் குளிர வச்சிட்டேன்."

அவர் நிமிரவில்லை. அப்போது சொன்னேன். தயாரித்து வைத்திருந்த வாக்கியம் வேறு, வந்தது வேறு.

"அன்னைக்கு மறந்துட்டேன்."

"என்னது?"

"வெள்ளைப் பூ என்னன்னு எனக்குத் தெரியும். எல்லாமே தெரியும். அவ தலையைக் கையில பிடிச்சதும் ஒண்ணும் ஞாபகத்துக்கு வரல. என் பொண்ணு தலைதான் தெரிஞ்சது. மறந்துட்டேன் அம்மா."

காவலர் வேறு பக்கம் பார்த்தார். மேடம் லியோங் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"இத சொல்ல இத்தினி நாளா?" என்றார். "இன்னைக்கு யாரையும் திட்டக் கூடாது. அதனால நீ தப்பிச்ச."

என்னால் அடக்க முடியவில்லை. பாதி திறந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். என் படிப்பில் அதற்கு விடை இல்லை. எந்தக் குறிப்பிலும் நான் பார்த்ததில்லை.

அவருக்கும் தெரியாது என்று முகத்திலேயே தெரிந்தது. யோசித்தார். லிப்டைப் பார்த்தார், மறுபடி பூவைப் பார்த்தார்.

"உள்ள படுத்திருக்கே, அதுவும் பாதிதான் வந்திருக்கு," என்றார். "மீதிய வெளிய வந்து வளரும். நாளு தப்பல வாத்தியாரே. இன்னைக்குத்தான் தொறந்துச்சு. ரெண்டும்."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், நான் ஏதாவது மறுத்துச் சொல்வேனோ என்று. நான் சரி என்றேன்.

இடது கை நகத்தால் தன் சட்டையிலிருந்த ஒட்டுச்சீட்டைச் சுரண்டி எடுத்தார். ஒரு மூலை கிழிந்தது. அதை என் சட்டையில் வைத்து உள்ளங்கையால் இரண்டு முறை அழுத்தினார். தாம்பாளத்தை என் மடியிலிருந்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"போ. மூணாவது மாடி. கையக் கழுவிட்டு உள்ள போ. நான் பூவப் பாத்துக்கறேன்."

ஜனவரி 31, வெள்ளி

இன்று மூச்சுக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாகவே மூச்சு விடுகிறாள். என் சுண்டுவிரலைப் பிடித்தாள். எல்லாக் குழந்தைகளும் பிடிக்கும், அது வெறும் அனிச்சைச் செயல் என்று வாசுகியிடம் விளக்கிச் சொன்னேன். "சரிப்பா," என்றாள்.

மீதி மொட்டுகள் எல்லாம் இன்று திறந்துவிட்டன. நாள் கடந்து திறப்பதற்கு என்ன பொருள் என்று யாரும் கேட்கவில்லை. தண்ணீர் மாற்றினேன்.